வளம் இருந்தும் ஊர் ஏன் வளர்வதில்லை?

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஒரு ஊரில் தண்ணீர் இருக்கிறது, காடு இருக்கிறது, மண்ணுக்கடியில் கனிமம்கூட இருக்கிறது, திட்டப் பணமும் வருகிறது. அப்படியிருந்தும் ஊர் முன்னேறவில்லை, வளமும் தேய்ந்துகொண்டே போகிறது. நிர்வாகத்தை உள்ளூர் மக்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

ஆகிவிடும் என்பவர்களும் ஆகாது என்பவர்களும் ஆளுக்குப் பத்து உதாரணம் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்க உதாரணங்களும் உண்மைதான். அதனால் நான் வேறு மூன்று கேள்விகளைக் கேட்பேன். அந்த வளத்தைப் பற்றி முடிவெடுப்பவர் யார்? அதன் பலனை அனுபவிப்பவர் யார்? பழுதானால் கைக்காசு போட்டுச் சரிசெய்ய வேண்டியவர் யார்? இந்த மூவரும் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறார்கள் என்று பார்த்தால், அது நிலைக்குமா நிலைக்காதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முடிவு தலைநகரில், லாபம் வேறு ஊரில், பராமரிப்புச் சுமை மட்டும் இங்கே என்றால் எவ்வளவு பணம் கொட்டினாலும் நிற்காது.

இந்தப் பேச்சு வந்தாலே பலர் எடுத்து நீட்டுவது, காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968இல் எழுதிய கட்டுரையை. பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று ஓட்டிவிடுவார்கள். கூடுதல் மாட்டின் லாபம் முழுக்க மாட்டுக்காரருக்கு. புல் தீர்ந்துபோகும் நஷ்டம் எல்லோருக்கும் பங்கு. ஆகவே பொது என்று விட்டுவைத்தால் அழிவுதான், ஒன்று அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று வாதம் போகும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொது நிலத்தையும் காட்டையும் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள விரும்பிய அரசுகளுக்கு இது மிகவும் வசதியாகவும் இருந்தது. ஆனால் ஹார்டின் கற்பனை செய்த நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. அப்படியொரு ஊர் எங்கே இருக்கிறது? பிற்காலத்தில் அவரே, தான் சொன்னது நிர்வாகம் இல்லாத பொது நிலத்துக்குத்தான் பொருந்தும் என்று திருத்திக்கொண்டார். கட்டுரை பரவிய அளவுக்குத் திருத்தம் பரவவில்லை.

சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்று ஒரு மலைக் கிராமம். அங்கே 1517லேயே ஒரு விதி எழுதிவைத்திருந்தார்கள்: குளிர்காலம் முழுக்க எத்தனை மாடுகளைத் தன்னால் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அத்தனையைத்தான் ஒருவர் கோடையில் பொது மேய்ச்சலுக்கு ஓட்டலாம். எவ்வளவு கெட்டிக்காரத்தனமான விதி பாருங்கள். யாரும் ஆராய்ச்சி செய்து புல்லின் அளவைக் கணக்கிட வேண்டியதில்லை. யார் கொட்டகையில் எத்தனை மாடு குளிர்காலத்தைக் கழித்தது என்று ஊருக்கே தெரியும். கோடை வந்ததும் வெளியூரிலிருந்து மாடு வாங்கிவந்து ஓசியில் மேய்த்து விற்க வழியில்லை. மீறுபவரிடம் அபராதம் வசூலிக்க ஒரு ஆள் உண்டு. அபராதத்தில் பாதி அவருக்கே. பாதி தனக்கு என்றால் யாருக்கும் கண் நன்றாகத் தெரியும் அல்லவா?

டோர்பெல் ஏதோ ஒரு விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது. எலினார் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் சுவிட்சர்லாந்து, ஜப்பான், ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் என்று பல நாடுகளில் நீண்ட காலம் நிலைத்த இப்படிப்பட்ட ஏற்பாடுகளையும், தோற்றுப்போன ஏற்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். நிலைத்த இடங்களில் அவர் கண்ட பொது அம்சங்கள் பல. யார் உள்ளே, யார் வெளியே என்ற எல்லை தெளிவாக இருக்கும். வளத்தைப் பயன்படுத்துபவர்களே விதியை மாற்றிக்கொள்ளலாம். கண்காணிப்பவர் அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார். அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது தண்டனை பற்றிய பகுதி. நன்றாக நடக்கும் இடங்களில் முதல் தவறுக்குப் பெரிய தண்டனை கிடையாது. சின்ன அபராதம், ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்று தெரியப்படுத்துவதே அதன் வேலை. திரும்பத் திரும்பச் செய்தால்தான் தண்டனை ஏறும். சட்டத்தில் ஏழு வருடச் சிறை என்று எழுதிவைத்துவிட்டு யார்மீதும் வழக்கே போடாமல் இருக்கும் முறைக்கு இது நேர் எதிர்.

தகராறு தீர்ப்பதும் அப்படித்தான். ஸ்பெயினின் வலென்சியா நகரில் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் பேராலயத்தின் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. வாய்க்கால் விவசாயிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களே நீதிபதிகள். விசாரணை முழுக்க வாய்மொழி. அங்கேயே தீர்ப்பு. பல நூற்றாண்டுகளாக நடக்கும் இதை யுனெஸ்கோ 2009இல் மரபுச் செல்வமாக அறிவித்தது. சுற்றுலாப் பயணிகள் இப்போது புகைப்படம் எடுக்கிறார்கள், அது போகட்டும். தண்ணீர் வழக்கு மூன்று வருடம் இழுத்தால் பயிர் காத்திருக்காது என்ற சாதாரண அறிவுதான் அதன் அடிப்படை.

இனி, நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்பும் உதாரணத்துக்கு வருகிறேன். நேபாளத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பாசன அமைப்புகளை ஆஸ்ட்ரோமும் அவருடைய சகாக்களும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அரசு கட்டியவை: கான்கிரீட் அணை, பூசிய வாய்க்கால், சம்பளத்துக்கு ஆட்கள். இன்னொரு பக்கம் விவசாயிகளே கட்டியவை: ஆற்றுக்குக் குறுக்கே கல், மண், மரக்கிளை போட்டுத் தடுத்த அணை, வெறும் மண் வாய்க்கால். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் அந்த அணை போய்விடும். மறுபடி எல்லோரும் கூடிக் கட்ட வேண்டும். எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் முதலாவதுதான் உசத்தி என்பார். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா, ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு என்று அளந்தபோது, பொதுவாக விவசாயிகளின் அமைப்புகளே முன்னால் நின்றன.

காரணம் அணையின் கட்டுமானத்தில் இல்லை. தலைமடைக்காரருக்கு இயற்கையிலேயே ஒரு மேல்கை உண்டு. தண்ணீர் அவரைத் தாண்டித்தான் கீழே போக வேண்டும். அவர் மடையைத் திறந்து தன் வயலுக்கு மட்டும் விட்டுக்கொண்டால் கேட்க நாதியில்லை. ஆனால் மண் அணை இருக்கும்வரை அவருக்கு ஒரு கவலையும் உண்டு. அடுத்த வெள்ளத்தில் அணை போனால் தலைமடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து கட்டிவிட முடியாது. கடைமடையிலிருந்து ஆள் வர வேண்டும். போன வருடம் தண்ணீர் தராதவருக்காக யார் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? கடைமடைக்காரரின் கையிலிருந்த பேரம் அந்த உழைப்புதான். கான்கிரீட் அணை வந்ததும் அது உடைவதில்லை, ஆள் தேவையில்லை, தலைமடைக்காரருக்குக் கடைமடையின் தயவும் தேவையில்லை. பேரம் போனது, பின்னாலேயே தண்ணீரும் போனது.

கான்கிரீட்டே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வருடா வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்று அணை கட்டுவது ஒன்றும் இன்பமான வேலை அல்ல. அதை ரம்மியமாகப் பேசுபவர்கள் ஒருமுறை போய்க் கட்டிப் பார்க்கலாம். ஆனால் திட்ட மதிப்பீட்டில் சிமெண்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன் என்று இருக்கும். இந்த ஊரில் யாருக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. புது அணையோடு சேர்த்து, கடைமடைக்கு எத்தனை நாள் முறை என்ற எழுத்து உடன்பாட்டையும், மதகுச் சாவியில் அவர்களுக்கு ஒரு பங்கையும் கொடுத்தால், உழைப்பால் இருந்த பேரம் உரிமையாக மாறும். அதற்குச் செலவு அதிகமில்லை. ஆனால் அதைச் செய்து முடித்தேன் என்று யாரும் கல்வெட்டு வைக்க முடியாது, அதுதான் சிக்கல்.

முடிவு தூரத்தில் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதை ஒன்றே போதும். 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலுக்கு விரித்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலகின. உள்நாட்டுப் பெரிய இழுவைக் கப்பல்கள் அந்த இடத்தை நிரப்பின. கரையோரம் சிறு படகில் போகிறவர்கள், மீன் குறைகிறது, சிறுத்தும் வருகிறது என்று 1980களிலேயே சொன்னார்கள். அரசின் கணக்கோ மீன் ஏராளம் என்றது. அந்தக் கணக்கு பெரிய கப்பல்களின் பிடிப்பைப் பெருமளவு நம்பியிருந்தது. மீன் குறையும்போது மிச்சமிருப்பவை சில இடங்களில் திரளும். கருவி வைத்திருக்கும் கப்பல் நேராக அங்கே போய் முன்போலவே அள்ளிவிடும். பிடிப்பு குறையவில்லை, ஆகவே மீனும் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். 1992 ஜூலையில் காட் மீன் பிடிப்பதையே தடை செய்ய வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேரின் பிழைப்பு போனது. தற்காலிகம் என்று சொல்லிப் போட்ட தடை 30 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அதே கடலோரத்தில் ஃபோகோ என்று ஒரு தீவு. 1960களில், இங்கே வாழ வழியில்லை, வேறு இடத்துக்குக் குடிபெயருங்கள் என்று தீவு மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் போகாமல் 1967இல் ஒரு கூட்டுறவு அமைத்து, படகு கட்டுவதையும் மீன் பதப்படுத்துவதையும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். காட் மீன் முடிந்ததும் அந்தக் கூட்டுறவு நண்டுக்கும் இறாலுக்கும் மாறியது. ஆலை அவர்களுடையது, பூட்டைப் போட்டுவிட்டு வேறு நாட்டுக்குப் போக அங்கே ஒரு முதலாளி இல்லை. தீவு பணக்காரத் தீவாகிவிடவில்லை. ஆனால் காலியாகவும் இல்லை.

தண்ணீரும் மீனும் மட்டும்தான் வளமா? ஊருக்குள் வரும் பணமும் வளம்தான். அதுவும் வாய்க்கால் தண்ணீர்போல வழியில் கசியும். உகாண்டாவில் 1990களில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மத்திய அரசு பள்ளிகளுக்கென்று அனுப்பிய மானியத்தில், 1991 முதல் 1995 வரை சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பார்கள். இங்கே பள்ளிக்கு வந்ததுதான் புறங்கை. அதன்பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்று பத்திரிகைகளில் வெளியிட ஆரம்பித்தார்கள். பள்ளிகளிலும் எழுதி ஒட்டச் சொன்னார்கள். 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தது. இந்த மாற்றம் முழுவதும் பத்திரிகையால் வந்தது என்று சொல்ல முடியாது; அதே காலத்தில் நிதி நிர்வாகத்திலும் பல சீர்திருத்தங்கள் நடந்தன. ஆனாலும் தனக்கு வர வேண்டிய தொகை எவ்வளவு என்று தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தால்தான், குறைந்தது என்று கேட்கவே அவரால் முடியும். தெரியாத பணத்தை யார் கேட்பார்கள்?

வந்த பணம் தங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் ஒரு பெரிய வணிக வளாகத் திட்டத்தை நம்பியிருந்தது. 2011இல் அது கைவிடப்பட்டது. அதன்பிறகுதான் நகராட்சி வேறு கோணத்தில் கணக்குப் பார்த்தது. நகராட்சி, காவல்துறை, கல்லூரி போன்ற ஆறு பெரிய பொது நிறுவனங்கள் 2012-13இல் சுமார் 75 கோடி பவுண்டுக்குப் பொருளும் சேவையும் வாங்கியிருந்தன. அதில் நகரத்துக்குள் தங்கியது 5 சதவீதம். பெரிய டெண்டர்களைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தார்கள், உள்ளூர் நிறுவனங்கள் கேட்கக்கூடிய மாதிரி நிபந்தனைகளை எழுதினார்கள். 2016-17இல் அது 18 சதவீதமானது. வானத்திலிருந்து புது முதலீடு எதுவும் இறங்கிவரவில்லை. ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருந்த பணம்தான். எனக்கு இதில் இரண்டு சந்தேகங்கள் உண்டு. ஒவ்வொரு ஊரும் இப்படிச் செய்தால் ஒருவருடைய ஆதாயம் இன்னொருவருடைய நஷ்டமாகும். உள்ளூருக்கு முன்னுரிமை என்ற பெயரில் மச்சானுக்கு ஒப்பந்தம் போவதும் சுலபமாகிவிடும். ஆனாலும், வெளியிலிருந்து யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்கும் ஊர், முதலில் தன் அலுவலகங்கள் எங்கே வாங்குகின்றன என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பது நல்லது.

கனிமம் உள்ள ஊர்களின் பாடு தனி. மற்ற வளங்கள் பார்த்துக்கொண்டால் திரும்ப வளரும். இது எடுத்தால் எடுத்ததுதான். பசிபிக் கடலில் நவூரு என்ற குட்டித் தீவு 1968இல் சுதந்திரம் பெற்றது. பாஸ்பேட் ஏற்றுமதியால் 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் இருந்தது. பாஸ்பேட் தீர்ந்தது, சேர்த்த நிதியும் மோசமான முதலீடுகளில் கரைந்தது, தீவின் நடுப்பகுதி தோண்டிப்போட்ட நிலமாகக் கிடக்கிறது. அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலம் 1976இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, எண்ணெய், கனிம ராயல்டி வருமானத்தில் குறைந்தது கால்பங்கை ஒரு நிரந்தர நிதியில் போட வேண்டும், முதலைத் தொடக் கூடாது என்று எழுதிவைத்தது. 1982 முதல் அதன் வருமானத்திலிருந்து குடிமக்களுக்கு நேரடியாகப் பங்கு போகிறது. பங்கு வாங்குபவர் நிதியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார் என்பது நல்ல விளைவு. பங்கைக் கூட்டித் தருகிறேன் என்று தேர்தலில் வாக்குறுதி கொடுப்பது அவ்வளவு நல்ல விளைவு அல்ல. இந்தியாவில் 2015இல் செய்த சட்டத் திருத்தம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கியது. சுரங்கம் நடத்துபவர் செலுத்தும் ராயல்டிக்கு மேல், புதிய குத்தகைகளுக்கு அந்த ராயல்டியில் 10 சதவீதமும், பழைய குத்தகைகளுக்கு 30 சதவீதமும் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கென்று ஒதுக்கப்படுகிறது. பணம் மாவட்டம்வரை இறங்கியது பெரிய மாற்றம்தான். முடிவெடுக்கும் நாற்காலியில் பெரும்பாலும் அதிகாரிகளே இருப்பதால், மூன்று கேள்விகளில் ஒன்று இன்னும் விடுபட்டே இருக்கிறது.

இதுவரை படித்தவர்களுக்கு நான் உள்ளூர் என்றாலே கொடி பிடிப்பவன் என்று தோன்றலாம். இல்லை. கிராமத்தை மெச்சிப் பேசியவர்களுக்கு 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கொடுத்த பதில் எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் மண்டிக்கிடக்கும் இடம் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். அதிகாரத்தைக் கீழே இறக்கினால் அது ஊரில் ஏற்கெனவே மேலே இருப்பவர் கையில்தான் முதலில் விழும். பொது நிலத்தை ஊரே நிர்வகிக்கிறது என்று வெளியே பெருமையாகச் சொல்வார்கள்; உள்ளே ஒரு தெருவுக்கு அந்த நிலத்தில் கால் வைக்கவே உரிமை இருக்காது.

நேபாளத்தின் சமுதாயக் காடுகளில் இந்த இரண்டு முகமும் தெரியும். 1957இல் அங்கே காடுகள் அரசுடைமை ஆயின. பாதுகாக்க அரசிடம் ஆள் இல்லை, பாதுகாக்க ஊருக்குக் காரணம் இல்லை. 1993 வனச் சட்டம் உள்ளூர்ப் பயனாளர் குழுக்களிடம் காடுகளை ஒப்படைத்தது. இன்று இப்படி 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1992இல் நாட்டின் பரப்பில் சுமார் 26 சதவீதமாக இருந்த காடு 2016இல் 45 சதவீதமாயிற்று. இளைஞர்கள் வெளிநாட்டு வேலைக்குப் போய் மலைவயல்கள் தரிசாகி மரம் முளைத்ததும் அதில் சேர்த்தி. ஆனால் பல குழுக்கள் ஆரம்ப வருடங்களில் காட்டை மூடியபோது, சொந்த நிலத்தில் மரம் வைத்திருந்தவருக்கு அது பெரிய விஷயமாக இல்லை. நிலமில்லாத வீட்டுப் பெண்களோ விறகுக்கு இன்னும் தூரம் நடந்தார்கள். காடு வளர்ந்தது என்ற ஒற்றை எண்ணில் அந்த நடை தெரியாது.

இதற்கு மருந்து அதிகாரத்தை மறுபடி மேலே எடுத்துக்கொண்டு போவது அல்ல, கீழே யார் உட்காருகிறார்கள் என்பதை மாற்றுவது. ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் எந்தக் கிராமப் பஞ்சாயத்துத் தலைமை பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்பது சுழற்சியில் முடிவானது; அதனால் ஒப்பிடுவது சுலபம். இரண்டு மாநிலங்களிலும் பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்கு அதிகம் செலவானது. சாலை விஷயத்தில் மட்டும் இரண்டும் பிரிந்தன: மேற்கு வங்கத்தில் பெண் தலைவர்கள் சாலைக்கும் அதிகம் செலவழித்தார்கள், ராஜஸ்தானில் குறைவாக. அந்தந்த மாநிலத்துப் பெண்கள் பஞ்சாயத்தில் கொண்டுவந்த புகார்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருந்தன. சட்டம் ஒன்றுதான், நாற்காலியில் ஆள் மாறியதும் குழாய் வேறு தெருவுக்குப் போயிற்று.

பராமரிப்புக்கு வருவோம். உள்ளூர் வளர்ச்சியில் எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயம் இதுதான், ஏனென்றால் தீர்வு எல்லோருக்கும் தெரியும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அடிபம்புகளைப் பற்றி 2009இல் வெளியான ஒரு மதிப்பீடு, மூன்றில் ஒன்றுக்கும் மேல் வேலை செய்யவில்லை என்றது. பல இடங்களில் பெரிய பழுதெல்லாம் இல்லை. தேய்ந்துபோன ஒரு வாஷர், கழன்ற ஒரு கம்பி. உதிரிபாகம் கிடைக்கும் கடை தூரத்து நகரத்தில். பம்பு போட்ட அன்று ஒரு குழு அமைத்து, ஒருநாள் பயிற்சி கொடுத்து, இனி இது உங்கள் சொத்து என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். குழுவில் இரண்டு பேர் ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். அதிகாரமும் பணமும் தராமல் பொறுப்பை மட்டும் கொடுப்பதற்குத் தமிழில் ஒப்படைத்தல் என்று பெயர் இல்லை, தலையில் கட்டுவது என்றுதான் பெயர். கென்யாவில் ஒரு முயற்சி நடந்தது. பம்பின் கைப்பிடியில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். கைப்பிடி அசையாவிட்டால் அது கைப்பேசி வலையமைப்பு வழியாகத் தகவல் அனுப்பும். பழுதுபார்க்க ஒரு குழு சம்பளத்தில் தயாராக இருக்கும். வாரக்கணக்கில் நின்றுகிடந்த பம்புகள் சில நாட்களில் ஓட ஆரம்பித்தன. கருவியைவிட அந்தச் சம்பளக் குழுதான் முக்கியம் என்பது என் கட்சி.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம்மவர்கள் சொன்னது நிலத்தடி நீருக்கு அப்படியே பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத வளத்தில்தான் ஹார்டின் சொன்னது கிட்டத்தட்ட நடக்கிறது, ஏனென்றால் பக்கத்து வயல்காரர் எவ்வளவு எடுக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆந்திராவின் வறட்சி மாவட்டங்களில் 2000களில் நடந்த ஒரு திட்டத்தில், விவசாயிகளே மழையை அளந்தார்கள், கிணற்று நீர்மட்டத்தை அளந்தார்கள், குறித்துவைத்தார்கள். அடுத்த சாகுபடிக்கு முன்னால் ஊரே உட்கார்ந்து இருப்பு எவ்வளவு, நினைத்திருக்கும் பயிர்களுக்கெல்லாம் தேவை எவ்வளவு என்று கணக்குப் போட்டது. பற்றாக்குறை என்றால் யாரும் யாரையும் தடுக்கவில்லை. ஆனால் பலர் நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிருக்கு மாறினார்கள். எல்லோருடைய கிணறும் சேர்ந்துதான் இறங்குகிறது என்று தெரிந்த பிறகு, நெல் போட்டு நஷ்டப்பட ஒருவருக்கும் ஆசை இல்லை.

உள்ளூரால் முடியாதவையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல மாநிலங்களைத் தாண்டும் ஆறு, கடலில் இடம்பெயரும் மீன், மேல்பக்கத்து ஆலையின் கழிவு ஆகியவற்றை ஒரு ஊர் தீர்மானம் போட்டு நிறுத்த முடியாது. அங்கே மேல்மட்ட அரசும் நீதிமன்றமும் கட்டாயம் வேண்டும். ஊர் போட்ட விதியை அரசு அங்கீகரிக்கவில்லை என்றாலும் கஷ்டம்தான். வெளியிலிருந்து பெரிய இயந்திரத்தோடு வருபவர் உங்கள் விதிக்கு எந்தச் சட்டத்தில் இடம் என்று கேட்டால் பதில் இருக்காது.

சரி, உங்கள் ஊரில் எங்கே ஆரம்பிப்பது? முதல் வேலையாகக் குழு அமைக்காதீர்கள். குழு அமைப்பது மிகவும் சுலபம், அதனால்தான் எல்லாத் திட்டமும் அங்கே ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. ஏதாவது ஒரே ஒரு வளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு குளமோ ஒரு மேய்ச்சல் நிலமோ போதும். முதலில் சொன்ன மூன்று கேள்விகளுக்கும் ஆட்களின் பெயரோடு பதில் எழுதுங்கள். பெயர் எழுத முடியாத இடத்தில்தான் கசிவு இருக்கிறது. அப்புறம் கடந்த மூன்று வருட வரவு செலவை ஊர்ச் சுவரில் எழுத முடியுமா என்று பாருங்கள். எழுதக் கூடாது என்று முதலில் சொல்பவர் யார் என்பதும் உபயோகமான தகவல். கூட்டம் போட்டால், அந்த வளம் இல்லாமல் ஒருநாளும் ஓட்ட முடியாத வீட்டுக்காரர்கள் வரக்கூடிய நேரத்தில் போடுங்கள். கூலிக்குப் போகிறவர்களைப் பகல் பதினொரு மணிக்குக் கூப்பிட்டுவிட்டு மக்கள் ஆர்வம் காட்டவில்லை என்று அறிக்கை எழுதக் கூடாது. புதிதாக எதையாவது கட்டுவதற்குத் தீர்மானம் வந்தால் அதைக் கடைசி வரிவரை படியுங்கள். பழுதுபார்க்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், யார் கையெழுத்துப் போட்டு எடுப்பார்கள் என்று அதில் இல்லையென்றால், அது எழுதப்படும்வரை திறப்பு விழாத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.